சொல்லக் கூசும் நோவு

நமது இந்தப் பகுதிக்கு ஸ்திரீகள் எழுதும் கடிதங்கள் பலவற்றில் பெயர் இருப்பதில்லை. "ஒரு சகோதரி" என்று மட்டும் கையெழுத்து இருக்கும். அத்தகைய கடிதம் என்றால் உள்ளே இருக்கும் சங்கதியை உறையைப் பிரிக்கும்போதே பாதி ஊகித்து விடலாம். ஒன்று, மாமியார், இல்லையேல், வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஏதேனும் ஒரு வியாதி.

சென்ற மாதம் கோயமுத்தூரைச் சேர்ந்த சிங்காநல்லூரிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டும் இருந்தன.

எழுதியவருக்கு வயது 34. இரண்டு குழந்தைகள். நகரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. காலை எட்டரை மணிக்குச் சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புகிறார். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் அடிவயிற்றில் கடுப்பும் கண்டன. "ஒடம்புல சூடு ஏறிப் போச்சு கண்ணு; ரெண்டு எளநி குடிச்சுப்போட்டு, கால் கட்டைவெரல்ல சுண்ணாம்பு தடவு" என்றாராம் மாமியார். தடவினார், நிற்கவில்லை. மருந்துக் கடையில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கி விழுங்கினார், நின்றது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது, மறுபடியும் மாத்திரை. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒரு வருஷமாகவோ நோய் மாத்திரைக்கு அடங்குவதில்லை. மூத்திரப்பை நிரம்ப நிரம்ப நோவு, கழித்தால் சற்று நேரம் சாந்தி, மறுபடி நோவு. இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கணவர் அருகில் வந்தாலே பயமாயிருக்கிறது என்றும், அதனால் வீட்டில் முகங்கள் சுளித்திருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். கடைசியாகப் பரிசோதனை செய்துகொண்ட இடத்தில், "கிருமி ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பி விட்டார்களாம். "மனசு எப்படீங்க அடிவயித்துல எரியும்?" என்று நம்மைக் கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. நாம் வைத்தியரல்லோம், ஆயினும் வைத்திய நூல்கள் சொல்வதையும், இத்துறையில் பழகியவர்களிடம் கேட்டறிந்ததையும் வைத்து இந்த வாரம் முழுவதையும் இக்கடிதத்திற்கே ஒதுக்குகிறோம். ஏனெனில் இந்தச் சகோதரிக்கு வந்தவை ஒரே பெயரில் உலவும் இரண்டு வெவ்வேறு நோய்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டையும் "நீர்க்கடுப்பு" என்றே நாம் சொல்கிறோம். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துக்கொண்டே போனால் வருஷங்கள்தாம் கழியும்.

முதலில், எல்லாருக்கும் தெரிந்த நீர்க்கடுப்பை எடுத்துக் கொள்வோம். மூத்திரப்பை தசையினாலான ஒரு பை. சாதாரணமாக 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அதிலிருந்து வெளியே செல்லும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம்; பெண்களுக்கோ நாலே சென்டிமீட்டர். போதாக்குறைக்கு அக்குழாயின் வாயும் மலத்துவாரமும் அருகருகே அமைந்துள்ளன. குடலில் இருக்கும் வரையில் பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாத ஈ. கோலை என்னும் கிருமி இந்த நாலு சென்டிமீட்டரைக் கடந்து பைக்குள் புகுந்து விட்டால் எரிச்சல், கடுப்பு, அடிக்கடி போகத் தூண்டும் அவசரம் எல்லாம் தொடங்குகின்றன. இவ்விதம் வரும் நோயில் முக்கால் பங்குக்கு இந்த ஒரு கிருமியே காரணம். ஸ்திரீகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆயுளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார்கள். ஆகவே இதில் நடத்தைக் குறைவும் இல்லை, குலக் குறைவும் இல்லை. தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது எளிது; புதிதாக மணமாகி வந்த பெண்ணுக்கு முதல் மாதத்திலேயே கடுப்புக் காண்பது அதனாலேதான். அப்பொழுது அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. உறவுக்குப் பின் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வருவது செலவில்லாத பழக்கம். அதனால் எவ்வளவு பலன் என்று கணக்கிட்டுச் சொல்வது கடினமாயினும் கெடுதல் ஒன்றுமில்லை. உள்ளுறுப்புகளைச் சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவுவது அப்படியல்ல. அது அங்கே நமக்குக் காவலாக இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்டவைக்கு இடம் கொடுக்கிறது. வெறும் தண்ணீரே போதும்.

இனி, தண்ணீருக்கு வருவோம். கோயமுத்தூர்க்காரர்களைப்போல் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களை நாம் கண்டதில்லை. சிறுவாணித் தண்ணீரின் ருசியை அவர்கள் வர்ணிக்கத் தொடங்கினால் காபி ஆறிப் போகும். அந்த ஊரில், சிங்காநல்லூர்ப் பஸ் நிலையத்தில், மதுரைக்கும் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஆண்மக்கள் டீ, சோடா, இளநீர் என்று எதையாவது குடித்த வண்ணம் இருப்பார்கள். உடன் வந்த தாய்மார்கள் தாகமே அறியாதவர்களைப்போல் மூட்டையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலைந்து மணி நேரப் பிரயாணத்தில் நடுவே எங்கே இறங்குவது, இறங்கினால் அந்த இடம் எப்படியிருக்கும் என்ற கணக்கு அவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நமது சகோதரியும் இதையே எழுதுகிறார்: "கடையில ஒண்ணுக்குப் போகோணும்னா மேல இருக்கறவர்கிட்டக் கேக்கோணுமுங்க. அதுக்குத் தண்ணி குடிக்காமயே இருந்துக்கறமுங்க."

குடிக்காமல் இருப்பதும், வந்ததை அடக்குவதும் கிருமிக்குச் செய்யும் உபசாரம். மூத்திரப்பை அடிக்கடி காலியானால் கிருமி பெருக அவகாசமின்றி வெளியேறுகிறது. இது பாட்டிமார் சொல்லும் பேச்சு மட்டுமல்ல. அடிக்கடி நீர்க்கடுப்பு வருபவர்களும், குறைவாகத் தண்ணீர் குடிப்பவர்களுமான 140 பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. அவர்களில் பாதிப் பேர் தினமும் வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் குடிக்காதவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை நோய் வந்தது, குடித்தவர்களுக்கு 1.7 தடவை. மருந்தேயில்லாமல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து விட்டது! இதயமோ சிறுநீரகமோ பழுதுற்று, தண்ணீரை அளந்து குடிக்கும்படி வைத்தியர் சொன்னவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம்; குடித்தபின் போவதற்கு இடம் எங்கே? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டுமென்று விதித்தார்கள். அதையொட்டிய விதிகளில் 25 பெண்களுக்கு ஒன்று என்று கணக்கும் வகுத்தார்கள். பஞ்சாலைப் பெண்களுக்குக் காகிதத்திலாவது அந்த உரிமை அன்றே எழுதப்பட்டது. கடைகளில் நிற்கும் பெண்களைப் பற்றி நெடுநாள் யாரும் நினைக்கவில்லை. கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் ஒன்றுகூடிக் கிளர்ச்சி செய்தபோது, உட்கார ஆசனம் கேட்பதற்கு முன்பே அவர்கள் கேட்டது சிறுநீர் கழிக்க ஓர் இடந்தான். பிறகு கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டு, கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் போடுவது கட்டாயமாயிற்று. ஆசனம் வந்தது நல்லது. அந்த மற்றொரு காரியத்திற்கு இன்றும் ஒருவரைக் கேட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கிறதென்றால், அந்தக் கடையின் முதலாளியம்மாள் ஒரு நாள் முழுதும் அதே விதிப்படி இருந்து பார்க்கட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இனிமேல் சொல்லப் போவதே இக்கட்டுரையில் முக்கியமானது. கடுப்புக் கண்டவுடன் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்காதீர்கள். வைத்தியர் சீட்டின்றி ஆண்டிபயாட்டிக் விற்பது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு புறமிருக்க, அரைகுறையாக விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்குச் சிலம்பம் கற்றுக் கொடுக்கிறது. நம் தேசத்தில் ஒரு காலத்தில் கைகண்ட மருந்துகளாயிருந்த சிலவற்றுக்கு ஈ. கோலை இப்போது அசைந்து கொடுப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு, மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அது இரண்டு மூன்று நாளில் சொல்லி விடும்.

சிறுநீர் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துச் செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். பரிசோதனைச் சாலையில் கொடுக்கும் சுத்தப்படுத்திய டப்பியையே உபயோகிக்க வேண்டும். தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து உடனே சேர்ப்பித்துவிட வேண்டும். வெயிலில் இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், கிருமி வழியிலேயே பெருகி, இல்லாத நோயைக் காட்டும்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் இருந்தால்தான் நோய் என்ற அளவு 1956-இல் எட்வர்டு காஸ் என்ற அமெரிக்க வைத்தியர் செய்த ஆராய்ச்சியிலிருந்து வழக்கத்துக்கு வந்தது. 1982-இல் வால்ட்டர் ஸ்டாம் முதலியோர் எரிச்சலோடு வந்த பெண்களைப் பரிசோதித்து, நூறு கிருமிகள் இருந்தாலே அவர்களுக்கு நோய் இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். ஆகவே "லட்சம் இல்லை, ஆகையால் ஒன்றுமில்லை" என்று ஒரு வைத்தியர் சொன்னால், நோயாளி மரியாதையாக இன்னொரு முறை கேட்கலாம்.

கிருமி இருப்பது நிச்சயமானால் சிகிச்சை நெடியதல்ல. நைட்ரோபியூரண்டாயின் ஐந்து நாள், அல்லது பாஸ்போமைசின் 3 கிராம் ஒரே வேளை, இப்படிச் சிறு அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்து விடுகிறது. எது, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு முதலாவது மருந்து ஆகாது. குளிர் ஜுரமும், விலாவின் பின்புறம் நோவும், வாந்தியும் கூடினால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரர்களும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீரில் ரத்தம் கண்டால் நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். கல்லாக இருக்கலாம், அதற்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்கு அடிக்கடி வருமானால் அதற்குத் தனி வழி உண்டு. ஈஸ்ட்ரோஜன் களிம்பை உள்ளே உபயோகித்தவர்களுக்கு நோய் வெகுவாகக் குறைந்ததென்று 1993-லேயே நிரூபித்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் பலருக்கு அந்தக் களிம்பின் பெயரைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னது முதல் நோய். சிங்காநல்லூர்ச் சகோதரிக்கு ஆரம்பத்தில் வந்தது இதுவாக இருக்கலாம். இப்போது இருப்பது வேறு.

கல்ச்சரில் கிருமி இல்லை. கல்லும் இல்லை. ஆனால் பை நிரம்பினால் நோவு, கழித்தால் தணிவு, இரவெல்லாம் விழிப்பு. ஆறு வாரத்துக்கு மேல் இப்படியே நீடிக்கிறது. வைத்தியர்கள் இதை இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்றும், மூத்திரப்பை நோவு நோய் என்றும் அழைக்கிறார்கள். புதிய வியாதி அல்ல. 1887-இலேயே அலெக்ஸாண்டர் ஸ்கீன் என்பவர் அந்தப் பெயரை வழங்கினார். 1915-இல் பால்டிமோர் நகரத்து கை ஹன்னர், சில பெண்களின் மூத்திரப்பையின் உட்சுவரில் ஒருவகைப் புண்ணைக் கண்டு எழுதினார். அதை இன்றும் ஹன்னர் புண் என்றே சொல்கிறார்கள். ஆனால் பலருக்கு அந்தப் புண் இருப்பதில்லை. பையின் உட்புறத்தைக் காக்கும் மெல்லிய பூச்சு பழுதுபட்டுச் சிறுநீரின் காரம் நரம்பைத் தொடுகிறது என்பது ஒரு கொள்கை. நரம்புகளே நோவுக்குப் பழகி, சிறிது நிரம்பியதைப் பெரிது என்று மூளைக்குச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததை "மனசு" என்று சொல்லிவிடுவது வைத்திய உலகத்தின் பழைய பலவீனம். 1978-இல் வெளிவந்த பிரபலமான மூத்திர நோய் நூல் ஒன்றிலேகூட இந்த நோயை மனக் கலக்கத்தோடு முடிச்சுப் போட்டு எழுதியிருந்தார்கள். சில வருஷங்களில் அமெரிக்காவில் விக்கி ராட்னர் என்ற வைத்தியக் கல்லூரி மாணவிக்கே இந்த நோவு வந்தது. வைத்தியர் பலரிடம் போனார்; மனசு என்றார்கள். அவர் புத்தகசாலையில் உட்கார்ந்து தம் வியாதியின் பெயரைத் தாமே தேடிக் கண்டுபிடித்தார். 1984-இல் நோயாளிகளுக்காக ஒரு சங்கம் அமைத்து, தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசினார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. அத்தனை பேரும் அதுவரை தங்களைத் தவிர வேறு எவருக்கும் இந்த நோவு இல்லை என்று எண்ணியிருந்தவர்கள். "ஒரு சகோதரி" என்று கையெழுத்திடுகிறவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை போலும்!

ஆகையால், சகோதரியே, உமது நோவு மெய். அது மனத்திலிருந்து பிறந்ததல்ல. மூன்று வருஷம் உறங்காதவளின் மனம் வாடுவது நோவிலிருந்து பிறந்தது.

செய்யவேண்டியவற்றைச் சொல்கிறோம். முதலாவது, கிருமி இல்லாதபோது ஆண்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். இந்த நோய்க்கு அதனால் பயனில்லை. இரண்டாவது, சாதாரணக் கல்ச்சரில் கிருமி இல்லாமலிருந்தும் சிறுநீரில் சீழ் அணுக்கள் மட்டும் காணப்பட்டனவா என்று பழைய அறிக்கைகளைப் பாருங்கள். இருந்தால் க்ஷயரோகத்துக்கான தனிப் பரிசோதனை அவசியம். சிறுநீர்ப் பாதையில் வரும் க்ஷயம் நம் தேசத்தில் அபூர்வமல்ல; கவனியாமல் விட்டால் பை சுருங்கிப் போகும். ஸ்கேனும், தேவையானால் பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதும் வைத்தியரின் பொறுப்பு. ஜவுளிக் கடையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால் சிங்காநல்லூரிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது; இல்லையேல் கோயமுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறுநீரியல் பிரிவு உண்டு. அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று நாளைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அப்போது நோவு எவ்வளவு, என்ன சாப்பிட்டது என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளில் 25 தடவை, ஒவ்வொரு தடவையும் 80 மில்லி என்று எழுத்தில் இருக்கும்போது "மனசு" என்று சொல்ல எந்த வைத்தியருக்கும் சற்றுத் தயக்கமாயிருக்கும்.

உணவில் காபி, டீ, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, அதிகக் காரம் ஆகியவை பலருக்கு நோவைக் கிளப்புகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது பகை என்று கண்டறியுங்கள். கொங்கு நாட்டில் காபியை விடச் சொல்வது கொடுமையென்று நமக்கும் தெரியும். வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துக்கொள்வது இதமளிக்கும். இரண்டு முறை போவதற்கு நடுவேயுள்ள நேரத்தைப் பத்து, பதினைந்து நிமிஷமாக மெல்ல நீட்டிப் பழக வேண்டும். இடுப்படித் தசைகள் நோவினால் இறுகிப் போயிருக்கும். அவற்றைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் குணம் காணலாம். பிரசவத்துக்குப் பின் சொல்லிக் கொடுக்கிறார்களே, தசையை இறுக்கும் பயிற்சி, அது இந்த நோய்க்குக் கூடாது. இறுகியதை மேலும் இறுக்கும். மருந்து வேண்டுமானால், இரவில் சிறு அளவு அமிட்ரிப்டிலின் என்பது பழக்கமான ஒன்று. பென்டோசான் என்ற மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கண்ணின் உட்திரை பாதிக்கப்பட்டதாக 2018 முதல் தெரிய வந்திருப்பதால், கண் பரிசோதனையின்றி அதைத் தொடரலாகாது. ஹன்னர் புண் இருந்தால், மயக்கம் கொடுத்து அதைச் சுட்டுவிடுகிறார்கள். பலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. பூரண குணம் என்று யாராவது வாக்களித்துப் பணம் கேட்டால் மட்டும் நம்ப வேண்டாம். அடங்கி, எப்போதாவது தலைகாட்டும் நிலைக்குக் கொண்டுவரலாம் என்பதே நேர்மையான வாக்கு.

உறவின்போது நோவு உண்டாவது இந்த நோயின் ஓர் அம்சம். கணவர் இந்தப் பகுதியைப் படிக்கட்டும். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அவரும் கூட வரட்டும். வாசலில் நிற்காமல் உள்ளேயே வரட்டும்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்ன இளநீரில் பிழையில்லை. பார்லிக் கஞ்சியும் நீர்மோரும்கூட நல்லவையே. உள்ளே போவது தண்ணீர்தானே! கட்டைவிரல் சுண்ணாம்பு மட்டும் தாம்பூலத்துக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் மருமகள் இரவில் எத்தனை முறை எழுந்து போகிறாள் என்று எண்ணி வைத்திருந்து, கடிதத்தில் எழுதச் சொன்னவர் அந்த அம்மாள்தான் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அவரை நாம் குறைகூறத் தயாரில்லை.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு. சித்திரையில் மதுரையில் தம்பிக்குக் கல்யாணம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கிறார். பஸ் வேண்டாம். கோயமுத்தூரிலிருந்து பழனி வழியாக மதுரைக்கு ரயில் போகிறது. கழிப்பிடத்துக்கு அருகிலுள்ள பெஞ்சாகப் பார்த்து உட்காரட்டும். தண்ணீர்ச் செம்பை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.